லாட்டரிப் பணத்தில் நற்பணி: குர்ஆன் அன்றே சந்தித்த கேள்வி



பிரிட்டனில் குடியேறி வாழும் நம் தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் அண்மைக் காலமாக ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. குறிப்பாக, அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் இதைக் கேட்கிறார்கள். "லாட்டரி ஹராம் என்கிறீர்கள். ஆனால் இந்நாட்டின் தேசிய லாட்டரி விளையாட்டுத் திடல்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் முதியோர் நலனுக்கும் பணம் தருகிறது. சீட்டு வாங்கினால் பரிசு கிடைக்கலாம்; கிடைக்காவிட்டால் அந்தப் பணம் நற்பணிக்குப் போகிறது. இதில் என்ன தீங்கு?" என்பதே அக்கேள்வி.

இதற்கு "ஹராம் என்றால் ஹராம்தான்" என்று சொல்லி வாயை அடைப்பது எளிது. ஆனால் அப்படி அடைக்கப்பட்ட வாய் வெளியில் போய் வேறு யாரிடமாவது கேட்கும். இக்கேள்விக்கு நேர்மையான விடை நம் மார்க்கத்தில் இருக்கிறது. அந்த விடையைச் சொல்வதற்கு முன், அந்த லாட்டரி எவ்வாறு நடத்தப்படுகிறது என்பதை உள்ளது உள்ளபடி அறிந்துகொள்வோம். ஒன்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதற்கு முன் அதைச் சரியாகத் தெரிந்துகொள்வதும் மார்க்க ஒழுக்கமே.

லாட்டரி நடத்தப்படும் முறை

பிரிட்டனின் தேசிய லாட்டரி 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவாக்கப்பட்டது. முதல் குலுக்கல் 1994 நவம்பர் 19 அன்று நடைபெற்றது. இதை அரசு நேரடியாக நடத்துவதில்லை. உரிமம் பெற்ற ஒரு தனியார் நிறுவனம் நடத்துகிறது. தொடக்கம் முதல் 2024 ஜனவரி வரை கேம்லாட் நிறுவனமும், 2024 பிப்ரவரி 1 முதல் ஆல்வின் நிறுவனமும் அந்த உரிமத்தைப் பெற்றுள்ளன. இவற்றை மேற்பார்வையிடும் அரசு அமைப்பின் பெயர் சூதாட்ட ஆணையம். இந்தப் பெயரை நம் பிள்ளைகள் ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். தேசிய லாட்டரியை மேற்பார்வையிடும் பொறுப்பு அந்தப் பெயர் கொண்ட அமைப்பிடம்தான் இருக்கிறது.

சீட்டு வாங்குபவர் செலுத்தும் ஒவ்வொரு பவுண்டும் ஐந்து வழிகளில் பிரிகிறது. பாதிக்குச் சற்று மேற்பட்ட தொகை பரிசாகத் திரும்புகிறது. 12 விழுக்காடு அரசுக்கு வரியாகச் செல்கிறது. ஏறத்தாழக் கால் பங்கு நற்பணி நிதிக்குச் சேர்கிறது. சீட்டு விற்கும் கடைக்காரருக்குச் சிறு கழிவு உண்டு. எஞ்சியது நடத்தும் நிறுவனத்தின் செலவுக்கும் இலாபத்துக்கும் ஆகும்.

நற்பணி நிதியை நிறுவனம் தன் விருப்பப்படி வழங்க முடியாது. சட்டப்படி அதில் 40 விழுக்காடு உடல்நலம், கல்வி, சுற்றுச்சூழல், அறப்பணி ஆகியவற்றுக்குச் செல்கிறது. விளையாட்டுக்கு 20, கலைகளுக்கு 20, பாரம்பரியச் சின்னங்களுக்கு 20 விழுக்காடு என எஞ்சியது பிரிகிறது. இதைப் பகிர்ந்தளிக்கத் தனித்தனி அமைப்புகள் உள்ளன. வரிப்பணத்தில் அரசு செய்ய வேண்டிய கடமைகளுக்கு இந்த நிதி மாற்றாக ஆகிவிடக் கூடாது என்ற கொள்கையும் இருக்கிறது. பரிசு விழுந்தும் 180 நாள்களுக்குள் யாரும் கேட்டு வராவிட்டால், அந்தத் தொகையும் நற்பணிக்கே சேர்க்கப்படுகிறது.

இதன் பயனையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1994 முதல் இன்றுவரை 5,000 கோடி பவுண்டுக்கும் மேல் இவ்வழியில் திரட்டப்பட்டு, ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பணிகளுக்கு மானியமாக வழங்கப்பட்டுள்ளது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஒரேயொரு தங்கம் மட்டுமே வென்ற பிரிட்டன், லாட்டரி நிதியில் வீரர்களுக்குப் பயிற்சி அளிக்கத் தொடங்கிய பின், 2000 சிட்னியில் 11 தங்கங்களையும் 2012 இலண்டனில் 29 தங்கங்களையும் வென்றது. சிதைந்த கட்டடங்கள் புதுப்பிக்கப்பட்டன. சிற்றூர் மன்றங்களுக்குக் கூரை கிடைத்தது.

ஆகவே, "அதெல்லாம் ஏமாற்று, ஒன்றும் நல்லவர்களுக்குப் போய்ச் சேருவதில்லை" என்று நாம் சொல்லக் கூடாது. அது உண்மையன்று. பணம் போய்ச் சேருகிறது, கணக்கு வெளியிடப்படுகிறது. உலகில் இருக்கும் லாட்டரிகளுள் ஒழுங்காக நடத்தப்படும் ஒன்றையே நாம் எடுத்துக்கொண்டிருக்கிறோம். அப்படியிருந்தும் மார்க்கம் ஏன் அதை மறுக்கிறது?

அறியாமைக் கால அரபியரின் நற்பணிச் சூது

பல முஸ்லிம் குடும்பங்களுக்குத் தெரியாத ஒரு வரலாற்றுச் செய்தியை இங்கே சொல்ல வேண்டும். குர்ஆன் தடைசெய்த 'மைசிர்' என்னும் சூதாட்டம் எப்படிப்பட்டது? நாம் கற்பனை செய்வதுபோல் இருட்டறையில் சீட்டாடுவதை மட்டும் அது குறிக்கவில்லை. இமாம் ஸமக்ஷரீ, இமாம் ராஸீ போன்ற குர்ஆன் விரிவுரையாளர்கள் அதை விளக்கமாகப் பதிவு செய்துள்ளார்கள்.

அரபியர் ஓர் ஒட்டகத்தைக் கடனாக வாங்கி அறுப்பார்கள். அதன் இறைச்சியைப் பங்குகளாகப் பிரிப்பார்கள். 28 பங்குகள் என்பர் சிலர். 10 பங்குகள் என்பர் வேறு சிலர். பத்து அம்புகள் ஒரு பையில் இடப்படும். ஒவ்வோர் அம்புக்கும் ஒரு பெயர் உண்டு. ஏழு அம்புகளுக்கு ஒன்று முதல் ஏழு வரை பங்குகள். மூன்று அம்புகளுக்கு ஒன்றுமில்லை. நம்பகமான ஒருவர் பையைக் குலுக்கி, ஒவ்வொருவர் பெயருக்கும் ஓர் அம்பை எடுப்பார். பங்குள்ள அம்பு வந்தவர் இறைச்சியை வெல்வார். வெற்று அம்பு வந்தவர்கள் ஒட்டகத்தின் விலை முழுவதையும் செலுத்த வேண்டும்.

இதன் பிறகு நடப்பதுதான் நம் கேள்விக்கு விடை. வென்றவர்கள் அந்த இறைச்சியைத் தாங்கள் உண்பதில்லை. ஏழைகளுக்குப் பகிர்ந்து கொடுத்தார்கள். அதைப் பெருமையாகக் கருதினார்கள். சேராதவனைக் கஞ்சன் என்று இழித்துப் பேசினார்கள்.

சற்றே சிந்தித்துப் பாருங்கள். குலுக்கல் இருக்கிறது, நம்பகமான நடத்துநர் இருக்கிறார், தோற்றவர் பணம் கொடுக்கிறார், ஏழைக்கு உணவு போகிறது. இன்றைய தேசிய லாட்டரியின் அமைப்பு இதிலிருந்து எந்த வகையில் வேறுபட்டது? ஒரு வகையில் அந்த அரபியர் இன்றைய லாட்டரியைவிட மேலானவர்கள் என்றுகூடச் சொல்லலாம். அங்கே வென்றவர் முழுவதையும் ஏழைக்குக் கொடுத்தார். இங்கே கால் பங்குதான் நற்பணிக்குப் போகிறது.

இந்தச் சூதைப் பற்றித்தான் மக்கள் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். அல்பகரா அத்தியாயத்தின் 219ஆம் வசனம் அதற்கு விடையாக இறங்கியது. மதுவிலும் சூதிலும் மக்களுக்குச் சில பயன்கள் உண்டு என்பதை அந்த வசனம் மறுக்கவில்லை. பயன் உண்டு என்று ஒப்புக்கொண்டு, அவற்றின் பாவம் பயனைவிடப் பெரிது என்று தீர்ப்பளித்தது. பின்னர் அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91ஆம் வசனங்கள் அதை முற்றாகத் தடைசெய்தன. மக்களிடையே பகையையும் வெறுப்பையும் விதைத்து, இறைநினைவிலிருந்தும் தொழுகையிலிருந்தும் திசைதிருப்புவதே அதன் பின்னால் உள்ள ஷைத்தானின் நோக்கம் என்று அவை உணர்த்தின.

ஆகவே, "நற்பணிக்குத்தானே போகிறது" என்ற வாதம் நம் காலத்தில் புதிதாக எழுந்ததன்று. அந்த வாதம் நிலவிய சமுதாயத்திலேயே, அந்த நற்பணி நடந்துகொண்டிருந்த வேளையிலேயே, குர்ஆன் சூதைத் தடைசெய்தது. நற்பணியைக் காணாமல் தடைசெய்யவில்லை; கண்டே தடைசெய்தது.

தமிழர்களுக்கும் இவ்வாதம் பழகியதே. தமிழ்நாட்டு அரசு 1968ஆம் ஆண்டு பரிசுச் சீட்டைத் தொடங்கியபோது, "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்பதே அதன் விளம்பர வாசகம். நம் பெரியவர்களுக்கு அது நினைவிருக்கும். கூலி வாங்கிய கையோடு சீட்டுக் கடைக்குச் சென்றவர்களையும் அவர்களுக்கு நினைவிருக்கும். 2003ஆம் ஆண்டு தமிழ்நாட்டு அரசே லாட்டரி விற்பனையைத் தடைசெய்தது.

பயனைவிடப் பாவம் பெரிதாவது எங்கே?

முதலாவதாக, பணம் யாருடையது என்று பார்க்க வேண்டும். செல்வருக்கும் ஏழைக்கும் சீட்டின் விலை ஒன்றே. ஆகவே வருமானத்தில் எத்தனை பங்கு என்று பார்த்தால் குறைந்த வருமானம் உடையவரே அதிகம் இழக்கிறார். இதைப் பல நாட்டு ஆய்வுகள் உறுதிப்படுத்தியுள்ளன. ஜகாத் செல்வரிடமிருந்து பெறப்பட்டு ஏழைக்கு வழங்கப்படுகிறது. லாட்டரியிலோ, வாடகைக்கு அல்லாடும் ஒருவரின் பணம் ஓபரா அரங்குக்கும் ஓவியக் கூடத்துக்கும் போகக்கூடும்.

இரண்டாவதாக, நம்பிக்கையை விலைக்கு விற்கும் முறையைப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் 49 எண்களிலிருந்து ஆறு எண்களைத் தெரிவு செய்ய வேண்டும். அப்போது முதற் பரிசுக்கான வாய்ப்பு 1 கோடியே 39 லட்சத்து 83 ஆயிரத்து 816இல் ஒன்று. 2015 அக்டோபரில் எண்களை 59ஆகக் கூட்டினார்கள். வாய்ப்பு 4 கோடியே 50 லட்சத்து 57 ஆயிரத்து 474இல் ஒன்றாகச் சுருங்கியது. வெல்பவர் அரிதானால் பரிசுத் தொகை வாராவாரம் சேர்ந்து பெருகும். பெருகினால் கூட்டம் வரும். வாரத்துக்கு இரண்டு வரிசை எண்களை வாங்கும் ஒருவர், சராசரியாக ஒருமுறை முதற் பரிசு பெற 4 லட்சத்து 33 ஆயிரம் ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். தோற்பவர்கள் திரளாக இருந்தால்தான் இது நடக்கும். தோற்றவர் மீண்டும் வந்தால்தான் தொடரும்.

மூன்றாவதாக, இலாப நோக்கு நற்பணியை முந்திவிடும் அபாயம் இருக்கிறது. பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2017ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை இதைக் காட்டுகிறது. 2009-10க்கும் 2016-17க்கும் இடையே நடத்தும் நிறுவனத்தின் இலாபம் 122 விழுக்காடு உயர்ந்தது. நற்பணிக்குச் சேர்ந்த தொகையோ 2 விழுக்காடு மட்டுமே உயர்ந்தது. குலுக்கல் சீட்டைவிட நற்பணிக்குக் குறைவாகத் தரும் சுரண்டல் சீட்டுகளின் விற்பனை பெருகியது அதற்கு ஒரு காரணம். நடத்துபவர்கள் எவ்வளவு ஒழுங்கானவர்களாக இருந்தாலும் விற்பனையின் விதி விற்பனையின் விதிதான்.

பிரிட்டன் இதை ஒருமுறை அனுபவித்து அறிந்த நாடு என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே முதல் அரசு லாட்டரி எலிசபெத் அரசியின் காலத்தில், துறைமுகங்களைச் செப்பனிட நிதி திரட்டுவதற்காக 1569ஆம் ஆண்டு குலுக்கப்பட்டது. புகழ்பெற்ற பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தை நிறுவுவதற்கான பணமும் 1753ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி லாட்டரி மூலமே திரட்டப்பட்டது. எனினும் 1808ஆம் ஆண்டு நாடாளுமன்றக் குழு ஒன்று ஆராய்ந்து, ஏழைக் குடும்பங்களை லாட்டரி சீரழிப்பதைக் கண்டித்தது. 1826ஆம் ஆண்டோடு அரசு லாட்டரி நிறுத்தப்பட்டது. அந்த நாடாளுமன்றத்தில் அமர்ந்திருந்தவர்கள் முஸ்லிம்கள் அல்லர். பாவம் பயனைவிடப் பெரிது என்பதைத் தம் கண்ணால் கண்டு அவர்களும் அம்முடிவுக்கு வந்தார்கள். 168 ஆண்டுகள் கழித்து அது மீண்டும் வந்திருக்கிறது.

நான்காவதாக, எண்ணம். செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தே அமைகின்றன என்பது நமக்கு நபி (ஸல்) அவர்கள் கற்பித்த அடிப்படை. சீட்டு வாங்குபவர் கொடுக்க விரும்பிக் கொடுக்கவில்லை; பெற விரும்பிச் செலுத்துகிறார். குலுக்கல் முடிந்து தன் எண் வராதபோது அவர் மனத்தில் எழுவது ஏமாற்றமேயன்றி ஈகையின் நிறைவன்று. பிறகு அதற்கு ஸதகா என்று பெயர் சூட்டுவது நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் ஆறுதல்.

நம் சங்கங்கள் மானியம் பெறலாமா?

இதுவே நடைமுறையில் மிகக் கடினமான கேள்வி. பிரிட்டனில் நம் மக்கள் நடத்தும் சிறு சங்கங்கள் வாடகை மண்டபங்களில் வார இறுதி மதரஸாவும் தமிழ் வகுப்பும் நடத்துகின்றன. வாடகை ஏறுகிறது, கட்டணம் செலுத்த எல்லாக் குடும்பங்களாலும் இயலவில்லை. லாட்டரி சமூக நிதியில் சிறு அமைப்புகளுக்கென்றே 20,000 பவுண்டு வரை மானியம் தரும் திட்டம் இருக்கிறது. அந்தத் தொகை வந்தால் ஒரு சிறு சங்கத்தின் கவலை ஓரளவு தீரும்.

மார்க்க அறிஞர்களிடையே இதில் இருவேறு கருத்துகள் உள்ளன. தவறான வழியில் ஈட்டியவர் மீதுதான் பாவம். உரியவரிடம் திருப்பித்தர முடியாத பணம் பொதுநலனுக்குச் செலவிடப்படலாம். ஆகவே பகிர்ந்தளிக்கும் அமைப்பிடமிருந்து பெறுவதில் தவறில்லை என்பது ஒரு சாராரின் கருத்து. அல்லாஹ் தூய்மையானவன், தூய்மையானதையே ஏற்கிறான் என்ற நபிமொழியின் கருத்தை முன்வைத்து விலகியிருப்பதே சரி என்பது மற்றொரு சாராரின் கருத்து. முதல் கருத்தைப் பின்பற்றும் சங்கத்தாரை நான் குறை கூறமாட்டேன். அவர்களுக்கும் ஆதாரம் இருக்கிறது. அவர்களின் தேவையும் உண்மையானது.

எனினும், பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துபவன் என்ற முறையில் நான் இரண்டாவது பக்கமே நிற்கிறேன். மானியம் பெறும் அமைப்பு அதைப் பொதுவில் அறிவித்து, தேசிய லாட்டரியின் சின்னத்தைக் காட்சிப்படுத்த வேண்டும். அச்சின்னம் என்ன தெரியுமா? அதிர்ஷ்டம் வர வேண்டும் என்று விரல்களைப் பின்னிக்கொள்ளும் கை. அல்மாயிதா அத்தியாயத்தை ஓதும் பிள்ளை தலை நிமிர்ந்து பார்க்கும்போது, சுவரில் அந்தக் கை இருந்தால் ஆசிரியர் என்ன விளக்கம் சொல்வார்? சட்டத்தில் இடம் இருக்கலாம். பாடத்தில் இடம் இல்லை.

அதே வேளையில் வரம்பு மீறவும் வேண்டாம். லாட்டரி நிதியில் அமைந்த பூங்காவில் நடப்பதும், அந்த நிதி பெற்ற திடலில் நம் பிள்ளைகள் பந்தாடுவதும் பாவமாகாது. பொதுச் சொத்தைப் பொதுமக்களில் ஒருவராக நாம் பயன்படுத்துகிறோம். ஒவ்வொரு கட்டடத்தின் கணக்கையும் துருவிக்கொண்டிருக்குமாறு மார்க்கம் நம்மைப் பணிக்கவில்லை.

மாற்று வழி என்ன?

ஒன்றை மறுப்பவர் அதற்கு ஈடான ஒன்றைக் காட்ட வேண்டும். இஸ்லாம் காட்டியிருக்கிறது. கைபரில் தமக்குக் கிடைத்த மிகச் சிறந்த நிலத்தை என்ன செய்வது என்று உமர் (ரலி) அவர்கள் கேட்டபோது, நிலத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு அதன் விளைச்சலை அறம் செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். மதீனாவில் ரூமா கிணற்றை உஸ்மான் (ரலி) அவர்கள் தம் பணத்தில் வாங்கி மக்களுக்கு வழங்கினார்கள். அங்கிருந்து வளர்ந்த வக்ஃப் முறையில்தான் பல நூற்றாண்டுகள் மருத்துவமனைகளும் கல்விக்கூடங்களும் நீர்நிலைகளும் முஸ்லிம் நகரங்களில் இயங்கின. தோற்றவர் எவருமின்றி அந்நகரங்களில் நற்பணி நடந்தது.

இதையே இன்றைய கணக்கில் பார்ப்போம். ஒரு வரிசையின் விலை 2 பவுண்டு. வாரத்துக்கு இரண்டு என்றால் ஆண்டுக்கு 208 பவுண்டு. லாட்டரியில் இதில் ஏறத்தாழ 50 பவுண்டுதான் நற்பணிக்குப் போகும். அதே 208 பவுண்டைப் பதிவுபெற்ற ஓர் அறக்கட்டளைக்கு நேரடியாகக் கொடுத்தால் முழுவதும் அங்கே சேரும். கொடுப்பவர் வருமான வரி செலுத்துபவராக இருந்து உரிய அறிவிப்பையும் தந்தால், பிரிட்டன் அரசின் கிஃப்ட் எய்டு திட்டப்படி ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் கூடுதலாக அந்த அறக்கட்டளைக்குக் கிடைக்கும். 208 பவுண்டு 260 பவுண்டாகும். "நற்பணிக்காகத்தான் வாங்குகிறேன்" என்று சொல்பவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். வேறு விவாதம் தேவைப்படாது.

இருபது குடும்பங்கள் இவ்வாறு வாரம் 4 பவுண்டு ஒதுக்கினால் ஆண்டுக்கு 4,160 பவுண்டு. வரிச் சலுகையும் சேர்ந்தால் 5,200 பவுண்டு. ஒரு வார இறுதி மதரஸாவின் வாடகையில் கணிசமான பகுதியை அது தாங்கும். விரல் பின்னிய கை அந்தச் சுவரில் தேவையில்லை.

வீட்டில் செய்ய வேண்டியவை

அலுவலகத்தில் சக ஊழியர்கள் கூட்டாகச் சேர்ந்து சீட்டு வாங்கும் வழக்கம் உண்டு. அதில் சேராவிட்டால் கஞ்சன் என்று எண்ணுவார்களோ என்று நம் இளைஞர்கள் கூசுகிறார்கள். அறியாமைக் கால அரபியரும் சேராதவனை அப்படித்தான் ஏசினார்கள் என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள். இன்முகத்தோடு மறுத்துவிட்டு, அலுவலகத்தார் அறப்பணிக்கு நிதி திரட்டும்போது முதல் ஆளாகக் கொடுக்கச் சொல்லுங்கள்.

பிறந்தநாள், பண்டிகை நாள்களில் சுரண்டல் சீட்டைப் பரிசாகக் கொடுப்பவர்களும் உண்டு. விலை குறைவுதானே, விளையாட்டுக்குத்தானே என்று அதை வீட்டுக்குள் விடாதீர்கள். "வா, சூதாடுவோம்" என்று தோழனை அழைத்தவர்கூட ஸதகா கொடுக்கட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் பணித்த செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது. வெறும் அழைப்புக்கே அந்தப் பரிகாரம். சூதுக்கு மருந்தாகச் சொல்லப்பட்டது ஸதகா. அந்த மருந்தின் பெயரைச் சூதுக்கே சூட்டுவது எப்படிப் பொருந்தும்?

பிரிட்டனில் சீட்டு வாங்கும் வயது 2021ஆம் ஆண்டு 16இலிருந்து 18ஆக உயர்த்தப்பட்டுள்ளது. அதற்குக் கீழ் உள்ள வயதுதான் நம் வாய்ப்பு. சட்டம் கதவைத் திறந்துவிடும் நாளுக்கு முன்பே, கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பிள்ளைக்குச் சொல்லிவிட வேண்டும். ஒட்டகத்தின் கதையைச் சொல்லுங்கள், பிள்ளைகள் மறக்கமாட்டார்கள். வாரம் ஒரு நாணயத்தைத் தம் கையால் உண்டியலில் போடப் பழக்குங்கள். கொடுத்தோம் என்று அறிந்து கொடுக்கும் இன்பம் ஒருமுறை பழகிய கைக்கு, குலுக்கலின் கிளர்ச்சி பெரிதாகத் தோன்றாது.

நம் உழைப்பில் ஹலாலையும், நம் செல்வத்தில் பரக்கத்தையும், நம் ஈகையில் தூய எண்ணத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நம் சந்ததியினருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.